ஒரு துப்பாக்கியை வைத்துக்கொள்வது பற்றி

அப்பா இறந்து பதினோரு மாதங்கள் ஆகின்றன. அவர் விட்டுச் சென்றவற்றில், கிள்ளைக்கு மேற்கே இருக்கும் சொற்ப நிலமும் வீடும் அதிகச் சிரமமில்லாமல் என் பெயருக்கும் தங்கை பெயருக்கும் மாறிவிட்டன. மாறாமல் நிற்பது ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்று. தாத்தா வாங்கியது. குழலின் மேல் பர்மிங்ஹாம் என்று பொறித்திருக்கும். நிலத்தைப் போலத் துப்பாக்கியை வாரிசுக்கு விட்டுப் போக முடியாது. உரிமம் ஆளோடு முடிந்துபோகிறது. வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்டு விண்ணப்பிக்கலாம். கிடைத்தால் துப்பாக்கி அவனுடையது. வேண்டாமென்றால் உரிமம் உள்ள யாருக்காவது விற்கலாம், அல்லது அரசிடம் ஒப்படைத்துவிடலாம். இப்போது அது காவல் நிலையத்தில் இருக்கிறது. என்னிடம் ரசீது இருக்கிறது. பூர்த்தி செய்யப்படாத விண்ணப்பமும் இருக்கிறது.

சிதம்பரத்தில் இரண்டு நண்பர்களிடம் இதைச் சொன்னேன். ஒருவர் சிரித்தார். விமர்சகன் கையில் பேனா இருப்பதே ஆபத்து, இதில் துப்பாக்கி வேறா என்றார். மற்றவர் சிரிக்கவில்லை. ஒப்படைத்துவிடு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றார். இரண்டுமே பிரச்னையைத் தொடாமல் நகர்ந்துவிடுகிற பதில்கள் என்று எனக்குப் பட்டது. யோசிக்க என்ன இருக்கிறது என்பதை எனக்கே தெளிவாக்கிக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: ஆயுதம் எதற்காகத் தேவை? தாத்தாவும் அவருக்குப் பின் அப்பாவும் எழுதிவந்த பதில், பயிர்ப் பாதுகாப்பு. தாத்தா காலத்தில் அது ஓரளவு உண்மைதான். பிச்சாவரம் காட்டுப் பக்கமிருந்து நரிகள் வந்து மல்லாட்டைக் கொல்லையைத் தோண்டிவிடும். தாத்தா வானத்தைப் பார்த்து ஒரு வெடி போடுவார். சில சமயம் நரியைப் பார்த்தும் சுட்டிருப்பார். 1972ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பிறகு வந்த திருத்தங்கள் அதை மேலும் இறுக்கின. கொல்லத் தடையில்லாத பிராணிகள் என்று ஒரு பட்டியல் அந்தச் சட்டத்தின் கடைசியில் நெடுநாள் இருந்தது. காக்கை, பழந்தின்னி வௌவால், எலி, சுண்டெலி. 2022 திருத்தத்தில் அந்தப் பட்டியலும் போய்விட்டது. நரியைச் சுடுவது இன்று குற்றம். ஆகவே கடந்த பல வருஷங்களாக, அந்தப் பட்டியலில் இருந்தவற்றை விட்டால், எங்கள் வீட்டுத் துப்பாக்கியால் சட்டப்படி சுடக்கூடிய ஜீவன் என்று எங்கள் கொல்லையில் எதுவும் இல்லை. ஆனாலும் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை அப்பா ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று எழுதிப் புதுப்பித்தார். பொய் சொல்லக் கூசுகிற மனிதர் அவர். அதை அவர் பொய்யாகவே உணரவில்லை. துப்பாக்கி வீட்டில் இருப்பதற்குக் காரணம் தேவை என்று அவருக்குத் தோன்றியதே இல்லை.

அப்பாவைப் பொறுப்பான மனிதர் என்று ஊரில் எல்லாரும் சொல்வார்கள். துப்பாக்கி விஷயத்திலும் அப்படித்தான். தோட்டாக்களைத் தனியே பூட்டி வைப்பார். நாங்கள் குழந்தைகளாக இருந்தபோது அந்த அறைக்குள் தனியாகப் போனது கிடையாது. தேர்தல் அறிவித்தால் யாரும் சொல்வதற்கு முன்பே கொண்டுபோய் ஒப்படைத்துவிட்டு வருவார். குழலைத் துடைக்கும்போது அதன் வாயை ஒருபோதும் ஆள் இருக்கும் பக்கம் திருப்பமாட்டார். ‘பொறுப்புள்ள துப்பாக்கிச் சொந்தக்காரர்’ என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுகிற அந்த மனிதருக்கு ஓர் உதாரணம் வேண்டுமென்றால் என் அப்பாவைக் காட்டலாம். அதனால்தான் இந்தச் சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

*

துப்பாக்கிக் கட்டுப்பாடு பற்றிய விவாதம் என்றால் நமக்கு அமெரிக்காதான் ஞாபகம் வருகிறது. 1791ல் அவர்கள் அரசியல் சட்டத்தில் சேர்த்த இரண்டாம் திருத்தம் ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசுகிறது. அது மக்கள் படையைக் குறித்ததா, தனிமனிதனைக் குறித்ததா என்று நெடுங்காலம் தர்க்கம் நடந்து, தனிமனிதனுக்கும் அந்த உரிமை உண்டு என்று 2008ல் அவர்களது உச்ச நீதிமன்றம் சொன்னது. 2022ல் அதை வீட்டுக்கு வெளியிலும் நீட்டியது. எதிர்த் திசையில் ஆஸ்திரேலியா போயிற்று. 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒரே ஆள் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். சில வாரங்களுக்குள் அங்கே சட்டம் கடுமையாயிற்று. அரசு சுமார் ஆறரை லட்சம் துப்பாக்கிகளை விலை கொடுத்து வாங்கி அழித்தது.

இரண்டு கட்சிக்காரர்களும் கடுமையாக மோதிக்கொள்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் இருவருக்கும் அபிப்பிராய பேதம் இல்லை. மனிதர்களைப் பொறுப்புள்ளவர், பொறுப்பற்றவர் என்று சலித்துப் பிரித்துவிட முடியும் என்பதுதான் அது. சல்லடையின் கண் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும், அதை யார் பிடிக்க வேண்டும் என்பதில்தான் சண்டை. நல்லவன் கையில் இருந்தால் துப்பாக்கி நல்லது என்கிறார் ஒருவர். நல்லவன் யார் என்பதை அரசு சரியாகப் பார்த்துச் சொல்லட்டும் என்கிறார் இன்னொருவர்.

சல்லடை எவ்வளவு நம்பகமானது என்பதற்கு நமக்குப் பக்கத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 1967 ஜனவரி 12 அன்று ராமாவரம் தோட்டத்து வீட்டில் எம்.ஆர். ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார். சுட்டவர் ரவுடியோ கொள்ளைக்காரரோ அல்ல. தமிழ் நாடக மேடையின் பெருங்கலைஞர்களில் ஒருவர். பேச வந்த வீட்டில், தெரிந்த மனிதர்களுக்கு நடுவில், எதிரே உட்கார்ந்திருந்த சக நடிகரைச் சுட்டார். நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. எம்.ஜி.ஆர். பிழைத்தார், ஆனால் குரல் பழையபடி திரும்பவில்லை. 1975ல் வந்த ‘இதயக்கனி’க்காக அவர் பிச்சாவரத்தில் படகில் போனதை எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். பார்த்த கையோடு அந்தக் குரலையும் கேட்டோம், என்னவோபோல் இருந்தது என்பார்கள். தெரிந்தவர், மதிப்புக்குரியவர் என்கிற சல்லடைக் கண்ணில் புகுந்து வந்த குண்டு அது.

இது சுலபமான வாதம். நல்லவரும் ஒரு நாள் கெடலாம் என்பதோடு இது நின்றுவிடுகிறது. எனக்குள்ள சிக்கல் அதுவல்ல. அப்பா கடைசிவரை கெடவில்லை.

*

நம் நாட்டுச் சல்லடை எப்படிச் செய்யப்பட்டது என்பதை முதலில் பார்க்கலாம். 1878ல் லிட்டன் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று, சுதேச மொழிப் பத்திரிகைகளின் வாயைக் கட்டியது. மற்றது ஆயுதச் சட்டம். சிறுபத்திரிகைக்காரர்களான நாம் முதல் சட்டத்தைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். அது ரிப்பன் காலத்தில், நாலு வருஷத்துக்குள்ளாகவே ரத்தாயிற்று. ஆயுதச் சட்டம் எண்பது வருஷத்துக்கும் மேல் நின்றது. இந்தியன் ஆயுதம் வைத்திருக்க உரிமம் வாங்க வேண்டும், ஐரோப்பியருக்கு விலக்கு. பிறகு இந்தியர்களிலும் பட்டம் பெற்றவர்கள், பெரும் நிலக்காரர்கள் என்று விலக்குகள் வந்தன. ஆக உரிமம் என்பது ஒருவன் துப்பாக்கியைச் சரியாகக் கையாளுவானா என்ற பரீட்சையாகப் பிறக்கவில்லை. அவன் நம் ஆளா என்ற கேள்விக்குப் பதிலாகப் பிறந்தது.

இந்த அவமானம் காந்திக்கு உறைத்தது. அஹிம்சை பேசியவர் 1930 ஜனவரியில் வைஸ்ராய்க்கு முன் வைத்த பதினோரு கோரிக்கைகளில், மக்களின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டுத் தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்க வேண்டும் என்பதும் ஒன்று. உப்பு வரியும் அதே பட்டியலில்தான் இருந்தது. உப்பை எல்லாரும் ஞாபகம் வைத்திருக்கிறோம். 1931ல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை அடிப்படை உரிமைகளோடு சேர்த்துத் தீர்மானம் போட்டது. 1948 டிசம்பரில் எச்.வி. காமத் அந்த உரிமையை அரசியல் சட்டத்தில் சேர்க்கும்படி நிர்ணய சபையில் திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் ஏற்கவில்லை. அடிப்படை உரிமை என்று எழுதிவிட்டால் அது குற்றவாளிக்கும் சேர்ந்துதான் கிடைக்கும் என்பது அவர் பக்கத்து வாதம். திருத்தம் தோற்றது. 1959ல் சுதந்திர இந்தியா தன் ஆயுதச் சட்டத்தை இயற்றியது. ஆயுதம் நமக்கு உரிமையாகாமல் உரிமமாகவே நின்றது.

அம்பேத்கரின் பதில் சரியென்றே நான் நினைக்கிறேன். ஆனால் புதிய சட்டத்துக்கும் பழைய சல்லடையின் வாசனை போகவில்லை. பயிர் காக்கத் துப்பாக்கி என்றால் காக்கப் பயிர் இருக்க வேண்டும், பயிருக்கு நிலம் வேண்டும். தற்காப்பு என்றால் காக்கத் தகுந்த சொத்தும் அந்தஸ்தும் இருப்பதாகக் காட்ட வேண்டும். ஒன்றும் இல்லாதவன் தன் உயிரைக் காக்க உரிமம் கேட்டு நின்றால் முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது அவனேதான்.

குடகில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் வெள்ளைக்காரன் கொடுத்த விலக்கு இன்றும் உண்டு. 2019ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. அவர்கள் வருஷம்தோறும் ஆயுதங்களுக்குப் பூசை செய்கிறவர்கள், துப்பாக்கி அவர்கள் பண்பாட்டின் அங்கம் என்கிறார்கள். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாட்டில் துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டே ஊர் ஊராகப் போன இன்னொரு சமூகமும் இருந்தது. நரிக்குறவர்கள். என் சின்ன வயதில் எங்கள் ரயிலடியில் அவர்களைப் பார்த்திருக்கிறேன். குழல் வாயில் மருந்தைக் கொட்டிக் கிட்டித்து, ரவையைப் போட்டு, கேப்பு வைத்துச் சுடுகிற நாட்டுத் துப்பாக்கி. கொக்கையும் காடையையும் சுட்டு விற்பார்கள். அது பூசைக்குரிய பொருளாக இல்லை, அன்றைய சோறாக இருந்தது. அதை யாரும் பண்பாடு என்று சொல்லவில்லை. வேட்டைத் தடை வந்ததும் அந்தத் துப்பாக்கி வெறுமனே குற்றப் பொருளாயிற்று. அவர்கள் பாசிமணிக்கும் ஊசிக்கும் போனார்கள். பழங்குடிப் பட்டியலில் அவர்கள் பெயர் ஏற 2023 ஜனவரி வரை ஆயிற்று. வேட்டையைத் தடை செய்தது தவறென்று நான் சொல்லவில்லை. பறவைகளுக்காக அது செய்யப்பட்டிருக்க வேண்டியதுதான். ஆனால் அதே சட்டத்தால் சுட ஒன்றுமில்லாமல் போன இன்னொரு துப்பாக்கி, எங்கள் வீட்டில், உரிமத்தோடு, மரியாதையோடு இருந்தது. வித்தியாசம் கையாளும் பொறுப்பில் இல்லை. அந்த மனிதர்கள் எங்கள் அப்பாவைவிடத் துப்பாக்கியை நன்றாக அறிந்தவர்கள்.

*

சட்டம் நேர்மையாகவே பொறுப்பை அளக்க முயல்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016 விதிகள் பயிற்சி கேட்கின்றன, பத்திரமாக வைக்க இடம் இருக்கிறதா என்று கேட்கின்றன. 2019 திருத்தம் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. கல்யாண ஊர்வலங்களில் வானத்தை நோக்கிச் சுடுவதைத் தண்டனைக்குரியதாக்கியது. உரிமக் காலத்தை மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாக்கியது. இவை எல்லாம் தேவைதான். இவற்றில் ஒவ்வொன்றும் அப்பாவைக் கண்ணை மூடிக்கொண்டு தேர்ச்சி பெறச் செய்திருக்கும். இவை கேட்கிற கேள்வி ஒன்றே ஒன்று. இந்தத் துப்பாக்கி வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிக்குமா?

வங்கியில் எங்களுக்கு ஒரு காவலர் இருக்கிறார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இரட்டைக் குழல் துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு வாசலுக்கருகில் உட்கார்ந்திருப்பார். அப்பாவின் காரியங்கள் முடிந்து நான் வேலைக்குத் திரும்பிய வாரத்தில், இதை எப்போதாவது சுட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

“இங்க வந்து ஒன்பது வருஷம் ஆச்சு சார். ஒருவாட்டிகூட இல்ல.”

“அப்ப எதுக்கு இது?”

“சுடறதுக்கா வச்சிருக்காங்க? இது தெரியணும் சார். உள்ள வர்றவன் கண்ணுக்குத் தெரியணும். அதான் இதோட வேல.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அது சாதாரணமாக இல்லை. காரணம், அதற்குச் சில நாள் முன்பு அப்பாவின் கருமாதியில் நடந்த ஒரு பேச்சு.

கருமாதிக்குச் சேரியிலிருந்து பெரியவர் ஒருவர் வந்திருந்தார். எழுபது வயது தாண்டியிருக்கும். எங்கள் நிலத்தில் நாற்று நட, அறுக்க வந்துகொண்டிருந்தவர். சாப்பிட்டு முடித்துப் பந்தலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பாவைப் பற்றி நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

“நல்ல மனுசன் தம்பி உங்கப்பா. அந்த வருசம் நாங்கல்லாம் கூலி ஏத்திக் குடுத்தாத்தான் அறுப்புக்கு எறங்குவோம்னு வரப்புல ஒக்காந்துட்டோம். ஒரு ரூவா ஏத்திக் கேட்டோம். ரெண்டு நாளு ஆச்சி. மூணாம் நாளு வந்தாரு. துப்பாக்கிய தோள்ல மாட்டிக்கிட்டு வந்தாரு. வந்து வரப்பு மேல நின்னாரு. ஒரு வார்த்த திட்டல. ஒண்ணுமே பேசல. கொஞ்ச நேரம் நின்னாரு, போயிட்டாரு. கையில துப்பாக்கி இருந்துச்சி தம்பி. சுடல.”

பிறகு என்ன நடந்தது என்று கேட்டேன்.

“என்ன நடக்கும்? எறங்கிட்டோம். பழைய கூலிக்கே.”

1982ஆக இருக்க வேண்டும் என்று அவர் சொன்ன அடையாளங்களிலிருந்து கணக்குப் போட்டேன். நான் பிறப்பதற்குப் பல வருஷம் முன்பு. இந்தக் கதை எனக்குப் புதிதல்ல என்பதுதான் என்னைத் திடுக்கிட வைத்தது. அப்பா இதை என்னிடம் இரண்டு மூன்று தடவை சொல்லியிருக்கிறார். அதே வாக்கியத்தில்தான் முடிப்பார்: கையில் துப்பாக்கி இருந்தது, நான் சுடவில்லை. கோபத்தை அடக்கிக்கொண்டதற்கு உதாரணமாகச் சொல்வார். துப்பாக்கி வைத்திருப்பவனுக்கு நிதானம் வேண்டும் என்ற பாடத்தோடு சொல்வார். கூலி என்ன ஆயிற்று என்று அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. ஒரே வாக்கியத்தை வரப்பின் மேலே நின்றவர் பெருமையாகச் சொன்னார். கீழே உட்கார்ந்திருந்தவர் நன்றியாகச் சொல்கிறார். தன்னைச் சுடாமல் விட்டதற்காக ஒரு மனிதன் நாற்பது வருஷம் கழித்தும் நன்றி சொல்கிறான். அந்த நன்றியை வாங்கிக்கொண்டு நான் அங்கே உட்கார்ந்திருந்தேன்.

இதுதான் என் பிரச்னை. துப்பாக்கியின் பொறுப்பை நாம் வெடிப்பதை வைத்தே அளக்கிறோம். தவறி வெடித்தது, கோபத்தில் வெடித்தது, குழந்தை கையில் வெடித்தது என்று. வெடிக்காத துப்பாக்கி சும்மா இருக்கிறது என்று நினைத்துக்கொள்கிறோம். அது சும்மா இருப்பதில்லை. வங்கிக் காவலருக்கு இது தெரிந்திருக்கிறது. எங்கள் நிலத்தில் அந்த ஒற்றைக் குழல் துப்பாக்கி தன் முழு வேலையையும் செய்து முடித்தது, ஒரு தோட்டாகூடச் செலவாகாமல். தோளில் மாட்டிக்கொண்டு வந்தபோது அப்பாவுக்கு அது தெரியாமலா இருந்தது? கோபத்தை அடக்கத்தான் வேண்டுமென்றால் துப்பாக்கியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாமே. அவருடைய நிதானம் உண்மை. அந்த நிதானம் அவருக்கு லாபமாகவும் இருந்தது.

*

துப்பாக்கியோடு ஒருவர் வந்து வரப்பில் நின்றால் இறங்கிவிட வேண்டும் என்பது அந்த மனிதர்களுக்கு எப்படித் தெரிந்தது? பெரியவரிடம் கேட்டேன். “வெண்மணி கத எல்லாருக்கும் தெரியும் தம்பி” என்றார்.

1968 டிசம்பர் 25 இரவு, கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம், கீழத் தஞ்சையில், கூலி உயர்வு கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் சேரிக்குள் நிலச்சொந்தக்காரர்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். தப்பிக்க வழியில்லாமல் ஒரு குடிசைக்குள் ஒடுங்கியவர்கள் எரிக்கப்பட்டார்கள். 44 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். 1973ல் சென்னை உயர் நீதிமன்றம் நிலச்சொந்தக்காரர்களை விடுதலை செய்தபோது சொன்ன காரணங்களில் ஒன்றை நாம் எல்லாரும் அறிவோம். இவ்வளவு நிலமும் காரும் உள்ள செல்வந்தர்கள் தாங்களே நடந்து போய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கடினமாக இருக்கிறதாம். அதைப் பல தடவை படித்திருக்கிறேன். இப்போது படிக்கும்போது உரிமப் படிவம் ஞாபகம் வருகிறது. சொத்து உள்ளவன் பொறுப்பானவன் என்று 1878லிருந்து சல்லடை எதை நம்பியதோ அதையே தீர்ப்பும் நம்பியது.

நான் காசோலைகளோடு பிழைப்பு நடத்துகிறவன். காசோலை என்பது வெறும் தாள். கணக்கில் இருப்பு இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் அதை வாங்கிக்கொள்கிறார்கள். எங்கோ சுடப்பட்ட துப்பாக்கிகளின் இருப்பில்தான் சுடாத துப்பாக்கிகள் செல்லுபடியாகின்றன. அப்பா கொலைகாரர் அல்ல. வெண்மணியைப் பற்றிப் பேச்சு வந்தால் அவர் உண்மையாகவே வருத்தப்படுவார். ஆனால் அன்று வரப்பில் நின்றபோது அவர் எடுத்துச் செலவழித்தது அந்த இருப்பிலிருந்துதான்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அப்படியானால் துப்பாக்கி அந்தத் தொழிலாளர்கள் கையிலும் இருந்திருக்க வேண்டும் என்பதல்லவா நியாயம்? நிராயுதபாணியாக இருக்கச் சொல்லும் உபதேசம் எப்போதும் பலவீனனுக்குத்தானே செய்யப்படுகிறது? இந்தக் கேள்வியை அஹிம்சையின் பெயரால் தள்ளிவிட எனக்குத் துணிவில்லை. சட்டமே இதை ஒரு தடவை ஒப்புக்கொண்டிருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 1995ல் வந்த விதிகளில் மூன்றாவதை எடுத்துப் பாருங்கள். வன்கொடுமை நடக்கக்கூடிய பகுதி என்று கண்ட இடத்தில், தாழ்த்தப்பட்டவரோ பழங்குடியினரோ அல்லாதவர்களின் துப்பாக்கி உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை வாங்கி வைக்க வேண்டும் என்கிறது. அவசியமென்று தோன்றினால் தாழ்த்தப்பட்டவர்களுக்கும் பழங்குடியினருக்கும் உரிமம் வழங்கலாம் என்றும் சொல்கிறது. எனக்குத் தெரிந்து நம் சட்டங்களில், துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பதோடு அது யாருக்கு எதிரே இருக்கிறது என்றும் சேர்த்துக் கேட்கிற இடம் இது. உரிமம் பெற்றவர் நல்லவரா கெட்டவரா என்று விசாரிக்காமல், அந்த ஊரில் அவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்று பார்க்கிறது. பொறுப்பு என்பது ஆளுக்குள் இருக்கும் குணம் மட்டுமல்ல, இரண்டு பேருக்கு நடுவில் இருப்பது என்பதை ஒரு அரசாங்க விதி நம் அறநூல் பிரசங்கிகளைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

ஆனால் அந்த வழியில் கடைசிவரை என்னால் போக முடியவில்லை. எல்லா வரப்பிலும் இரண்டு பக்கமும் துப்பாக்கி இருந்தால் பேச்சு சமமாகிவிடும் என்று நினைக்க முடியவில்லை. தோட்டா வாங்கவும் வழக்கு நடத்தவும் யாரிடம் பணம் இருக்கிறது என்பது அப்போதும் மாறியிருக்காது. உரிமத்தை ரத்து செய்கிற பாதி எனக்கு முழுச் சம்மதம். வழங்குகிற பாதியை மறுக்க எனக்குத் தகுதி இல்லை, ஏனென்றால் ரத்து செய்யப்பட வேண்டிய பக்கத்தில் பிறந்தவன் நான். இவ்வளவுதான் என்னால் நேர்மையாகச் சொல்ல முடிகிறது.

பயிர்ப் பாதுகாப்பு என்று மூன்று வருஷத்துக்கொருமுறை எழுதியதும் இப்போது எனக்கு வேறு மாதிரி தெரிகிறது. வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்று ஊருக்குத் தெரிந்திருப்பதே அதன் உபயோகமாக இருந்தது. சின்ன வயதில் தெருவில் நான் நடக்கும்போது எனக்குக் கிடைத்த மரியாதையில் அதற்கும் பங்கு உண்டு. துப்பாக்கியைத் தொடாமலேயே நானும் அதை உபயோகித்துத்தான் வளர்ந்திருக்கிறேன்.

அப்பாவைக் குற்றவாளியாக்கி நான் நல்லவனாகிவிடுகிற சௌகரியம் இந்தக் கட்டுரையில் ஒளிந்திருக்கிறது என்று எனக்கே தெரிகிறது. ஒப்படைத்துவிடுவதிலும் அந்தச் சௌகரியம் உண்டு. நண்பர் சொன்னபடி யோசிக்காமல் ஒப்படைத்திருந்தால், கைகழுவிவிட்டோம் என்ற திருப்தி மட்டும்தான் மிஞ்சியிருக்கும். துப்பாக்கி போய்விடும். பழைய கூலி பழைய கூலியாகவே இருக்கும்.

ஒரு ராத்திரி அந்தக் கூலியைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொழில் புத்தி. பெரியவர் சொன்னபடி பன்னிரண்டு பேர். நாளைக்கு ஒரு ரூபாய். அந்த அறுப்பும் அதை ஒட்டிய வேலைகளுமாக நாற்பது நாள் என்று வைத்துக்கொண்டேன். நானூற்று எண்பது ரூபாய். அதற்கு நாற்பது வருஷத்துக்கு வட்டி போட ஆரம்பித்துவிட்டு நிறுத்தினேன். தொகை பெரிதாக இருந்திருந்தால் அப்பாவின் கஷ்டம் என்று ஒன்றைச் சொல்லியிருக்கலாம். நானூற்று எண்பது ரூபாய்க்காக அவர் துப்பாக்கியை எடுத்திருக்க மாட்டார். கேட்டார்கள் என்பதற்காக எடுத்திருக்கிறார்.

அடுத்த வாரம் ஒப்படைப்பதற்கு எழுதிக் கொடுக்கப் போகிறேன். பெரியவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும் என்றும் இருக்கிறேன். அவர் என்ன சொல்வார் என்று தெரியவில்லை. தாத்தா காலத்துப் பொருளை ஏன் தம்பி கொடுக்கிறீங்க என்று அவர் வருத்தப்படவும் கூடும். விண்ணப்பம் எழுதும் முறையை விசாரித்தபோது, காரணம் என்ற இடத்தில் ‘தேவைப்படவில்லை’ என்று எழுதினால் போதும், எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று சொன்னார்கள். அதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. அது எங்களுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.